கடாரத்துச் சாலைகள்: தென்கெடாவின் தோட்டங்களும் சிறுபட்டணங்களும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றில் கெடா மாநிலத்திற்குத் தனியிடம் உண்டு. சோழர் மெய்க்கீர்த்திகளில் கடாரம் எனக் குறிக்கப்பெறும் நாடு இதுவே என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் உடன்படும் கருத்தாகும். பட்டினப்பாலையில் இடம்பெறும் காழகம் என்னும் சொல்லுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் எனப் பொருள் கூறியிருப்பதும் தமிழாசிரியர் நன்கு அறிந்ததே. எனவே நம் வகுப்பறைகளில் கடாரம் என்றதும் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு உடனே நினைவுகூரப்படுகிறது.

ஆயின் அதே மண்ணில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இரப்பர் நிரைகளுக்கிடையே பல தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர், தாம் வாழ்ந்த ஊர்களுக்கும் செய்த தொழிலுக்கும் ஒரு சொல்லுலகையே படைத்துள்ளனர். படையெடுத்து வந்தவனைக் கல்வெட்டு பதிவு செய்தது. பால்மரம் சீவ வந்தவர்களைப் பதிவு செய்ய அத்தகைய சான்று எதுவும் எழவில்லை. தென்கெடாவின் சாலைகளில் பயணம் செய்வோர் காணும் நிலம், தோட்டம், பட்டணம், பள்ளி, பெயர்ப்பலகை ஆகியவற்றை அச்சான்றாகக் கொள்ள இயலுமா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

நிலத்தின் இரு கூறுகள்

கெடாவின் நில அமைப்பை அறிந்தாலன்றித் தமிழர் குடியிருப்புகளின் பரவலை விளங்கிக்கொள்ள இயலாது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுடைய ஜெராய் மலை மாநிலத்தை இரு கூறாகப் பிரிப்பதுபோல் கடலோரத்தில் நிற்கிறது. அதற்கு வடக்கே அலோர் ஸ்டாரைச் சூழ்ந்து விரிவது தாழ்ந்த நெல்வயற் சமவெளி. பிரதமராக விளங்கிய வான் முகமது சாமான் 1885இல் வெட்டத் தொடங்கிய நீண்ட கால்வாயும், 1970இல் அமைக்கப்பெற்ற மூடா வேளாண் வளர்ச்சி வாரியத்தின் நீர்ப்பாசனத் திட்டமும் இச்சமவெளியை நாட்டின் நெற்களஞ்சியமாக்கின. இது பெரிதும் மலாய் உழவர் வாழும் நிலமாகும்.

மலைக்குத் தெற்கே நிலம் மேடுபள்ளமாக மாறுகிறது. நீர் தேங்காத செம்மண் சரிவுகள் நெல்லுக்கு ஏற்றவை அல்ல. இரப்பருக்கு மிகவும் ஏற்றவை. ஆகவே கோலமூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய மாவட்டங்களில் தோட்டங்கள் பெருகின. கெடாத் தமிழரின் பெரும்பகுதியினர் தெற்கே வாழ்வதற்கு அடிப்படைக் காரணம் இம்மண்ணின் தன்மையே எனலாம்.

இன்று வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் செல்லும் பயணி மூடா ஆற்றைக் கடந்து சிறிது நேரத்திலேயே ஜெராய் மலையை நெருங்கிவிடுவார். 1994இல் முழுமையடைந்த அந்நெடுஞ்சாலை ஊர்களைத் தொடாமல் விலகிச் செல்வது. தோட்டங்களையும் பட்டணங்களையும் காண விரும்புவோர் பழைய கூட்டரசுச் சாலையையே நாட வேண்டும். அது சுங்கை பட்டாணி, சுங்கை லாலாங், பீடோங், குருண், குவார் செம்படாக் என ஊர்களுக்கு நடுவே புகுந்து செல்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து கிழக்கே பிரியும் மற்றொரு தடம் லூனாஸ், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்திற்கு இட்டுச் செல்கிறது.

மண்ணுக்குள் இருக்கும் கடாரம்

பீடோங்கிலிருந்து மேற்கே திரும்பும் சாலை செமிலிங் வழியாக மெர்போக்கை அடைகிறது. பூஜாங் பள்ளத்தாக்கு எனப் புகழ்பெற்ற தொல்லியற் பகுதி இதுவே. 1930களின் பிற்பகுதியில் குவாரிட்ச் வேல்ஸ் இங்கு அகழாய்வு செய்து பல கட்டட எச்சங்களை வெளிப்படுத்தினார். அவற்றுள் பத்து பாகாட் மலையடிவாரத்துக் கோயிற் கட்டடம் பின்னர் அலஸ்டர் லேம்ப் என்பவரால் மீளமைக்கப்பெற்றது. அதன் அருகே 1980இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சுங்கை பத்துப் பகுதியில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய அகழாய்வுகள் பழங்கால இரும்பு உருக்குக் களங்களை வெளிக்கொணர்ந்தன.

இவ்விடத்தில் இருசெய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, இங்குள்ள சின்னங்கள் இந்து, பௌத்த மரபுகள் இரண்டையும் சார்ந்தவை. கடல் வாணிகத்தால் பல நாட்டாரும் கூடிய துறைமுக நாகரிகத்தின் எச்சங்கள் அவை. எல்லாவற்றையும் சோழரோடு இணைத்துப் பேசுவது ஆய்வு நெறியாகாது. அண்டையிலுள்ள செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமி தன் பயணம் வெற்றியுறப் பொறித்த வேண்டுதலைக் கொண்டது. மன்னர்களின் மெய்க்கீர்த்திகளுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட அச்சான்று ஒரு பயணியுடையது என்பது நினைக்கத்தக்கது.

இரண்டாவது, இச்சின்னங்களுட் பல தோட்ட நிலங்களிலேயே கிடந்தன. சுங்கை பத்து என்பது ஒரு தோட்டத்தின் பெயருமாகும். அவ்வட்டாரத்தில் பதினொன்றாம் எண் இடப்பெற்றிருந்த பழங்கோயிலின் எச்சம் வீடமைப்புக்காக நிலம் சீர்செய்யப்பட்டபோது இடிக்கப்பட்டது. 2013இல் இச்செய்தி வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சின்னத்திற்கே இந்நிலை எனின், நூறாண்டுத் தோட்டக் குடியிருப்பு எவ்விதச் சுவடுமின்றி மறைவதில் வியப்பில்லை. முன்னதற்காகக் குரல் எழுப்பியோர் பலர். பின்னதற்காக எழுந்த குரல்கள் அரியவை.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழி

முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய–கடார அரசர் சார்பில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்ததையும், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் தானமாக அளிக்கப்பட்டதையும் லெய்டன் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின் அதே நாகப்பட்டினத்திலிருந்து அதே கடலின்மீது தமிழர் மீண்டும் கடாரம் வந்தனர். இம்முறை அவர்கள் வந்தது கப்பலின் மேற்றளப் பயணிகளாக. 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் முதியோர் நாவில் நெடுங்காலம் வழங்கியது. பினாங்கில் இறங்கியோர், ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமைக் கடந்து, பிறையிலிருந்து கெடாவுக்குள் சென்றனர்.

கெடா 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்வழிச் சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் செல்வாக்கிற்குள் வந்தது. அடுத்த ஆண்டு, 1910இல், ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆகவே கெடாவின் பெருந்தோட்டங்கள் விரிந்த காலம் கங்காணி முறை ஓங்கியிருந்த காலமாகும். கங்காணி தன் சொந்த ஊருக்கே சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். அழைத்து வந்தோர் வேலைக்கு வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்றார். இதனால் தோட்டத்து லயங்கள் தமிழகச் சிற்றூர்களின் உறவுமுறையையும் சாதிப் பிரிவையும் வழிபாட்டையும் அப்படியே தாங்கி நின்றன. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இவ்வருகை நீடித்தது.

இருப்புப்பாதை 1915இல் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918இல் பாடாங் பெசாரில் சயாமின் பாதையோடு இணைந்தது. இப்பாதை தோட்டத்தின் இரப்பரைத் துறைமுகத்திற்குக் கொண்டுசென்றது. பின்னாளில் இதே பாதை வேறொரு கொடும் பயணத்திற்கும் பயன்பட்டது.

தோட்டத்தின் அமைப்பு

தோட்டம் என்பது வெறும் பயிர்நிலமன்று. படிநிலையை மண்ணில் வரைந்து காட்டிய அமைப்பு. மேட்டில் துரையின் பங்களா. அதற்குக் கீழே அலுவலகமும் கிராணிமார் வீடுகளும். தாழ்வான இடத்தில் லயங்கள். லயத்தின் ஓரத்தில் மாரியம்மன் கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ஓரறைப் பள்ளி, கள்ளுக்கடை ஆகியன இருந்தன. மேட்டிலிருந்து பார்ப்பவருக்கு லயம் முழுவதும் தெரியும். லயத்திலிருப்போருக்குப் பங்களாவின் கூரை மட்டுமே தெரியும்.

பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதோடு நாள் தொடங்கியது. குளிர்ந்த காலைப் பொழுதில்தான் மரத்தில் பால் நன்கு ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். எனவே இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவது வழக்கமாயிற்று. மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, நிறுத்து, ஆலைக்கு அனுப்பினர். பட்டையில் உறைந்தது ஒட்டுப்பால் எனவும், மங்கிலேயே உறைந்தது கட்டிப்பால் எனவும் வழங்கப்பெற்றன. பெரட்டு, நிரை, மங்கு, வெளிக்காடு, கிராணி, மண்டோர், கித்தா என்னும் சொற்களை நோக்கின், தமிழ், ஆங்கிலம், மலாய் மூன்றும் கலந்து உருவான ஒரு தொழில்வழக்கு புலப்படும். இவற்றுள் நிரை பழந்தமிழ்ச் சொல். கித்தா, மரப்பாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் திரிபு. சங்க இலக்கியத்தில் நிரை என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரின் பாட்டியார் நாள்தோறும் அதே சொல்லைப் பயன்படுத்தினார் என்பதைச் சுட்டுவது பயன்தரும்.

பட்டணம்

தென்கெடாவின் சிறுபட்டணங்கள் தோட்டங்களை நம்பி எழுந்தவை. சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளே பட்டணத்தின் திருநாள்கள். மளிகைக்கடை, துணிக்கடை, நகைக்கடை, திரையரங்கு ஆகிய அனைத்தும் அந்நாளை எதிர்நோக்கியிருந்தன. தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கியே பழகிய பாட்டாளிக்குக் கையில் காசுடன் கடை மாறிக் கடை ஏறும் உரிமை பட்டணத்தில்தான் கிடைத்தது. பட்டணம் போதல் என்னும் தொடர் தோட்டப்புறத்தில் பெற்றிருந்த பொருள் ஆழத்திற்கு இதுவே காரணம்.

இவற்றுள் பெரியது சுங்கை பட்டாணி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக 1936இல் எழுந்த மணிக்கூண்டு இன்றும் நகரின் அடையாளமாக நிற்கிறது. இந்நகர் தமிழ் இலக்கியத்திலும் தடம் பதித்தது. 2017ஆம் ஆண்டு விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான் ஆகியோர் இவ்வட்டாரத்துப் படைப்பாளர். முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ தோட்ட வாழ்வைச் சித்திரிக்கும் நாவல். அதில் தோட்டத்துப் பேச்சுமொழி அச்சேறி நிலைபெற்றது.

இருபெரும் பயணங்கள்

1941 டிசம்பரில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை தோல்வியுற்றதும் கெடா ஜப்பானியர் வசமாயிற்று. சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் இரயிலேற்றி வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலேரியா, வாந்திபேதி, பட்டினி ஆகியவற்றால் மாண்டோர் மிகப் பலர். புண்ணியவானின் ‘கையறு’ நாவல் இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டது. பாலை ஏற்றிச் சென்ற பாதை மனிதரை ஏற்றிச் சென்ற காலம் அது.

போருக்குப் பின் தோட்டத் தமிழர் தம் விருப்பத்தின்படியே சாலையில் இறங்கினர். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கை. தோட்டத்துக்குத் தோட்டம் அணிவகுத்துச் சென்று மறியல் செய்தனர். 1947இன் தொடக்க மாதங்களில் காவல்துறையோடு மோதல்கள் நிகழ்ந்து உயிரிழப்பும் ஏற்பட்டது. கள்ளுக்கடை மறியல் ஒழுக்கச் சீர்திருத்தமாக மட்டும் கருதத்தக்கதன்று. உழைத்துப் பெற்ற கூலி தோட்ட எல்லைக்குள்ளேயே திரும்பப் பறிக்கப்படுவதை எதிர்த்த பொருளியல் கிளர்ச்சியும் அதுவே. இராசேந்திரனின் படை கடாரம் வந்ததை அறிந்த மாணவர், கடாரத்திலேயே பிறந்த இப்படையையும் அறிதல் வேண்டும்.

தோட்டங்கள் கலைந்தமை

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி ஐரோப்பிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. வேலையும் வீடும் ஒருங்கே இழக்கும் நிலை பாட்டாளிகளுக்கு ஏற்பட்டது. இதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமாகும். பால் சீவியவரே நிலத்தின் பங்காளராக முடியும் என்பதற்கு அது முதற்சான்றாயிற்று.

எனினும் காலப்போக்கில் இரப்பர் செம்பனைக்கு இடம்கொடுத்தது. செம்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம்கொடுத்தது. கூலிமில் 1996இல் திறக்கப்பெற்ற உயர்தொழில்நுட்பப் பூங்கா இம்மாற்றத்தின் பெரும் அடையாளம். தோட்டத்திலிருந்து வெளியேறியோர் பட்டணத்தின் ஓரங்களில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிகின்றனர். வாழ்க்கைத்தரம் பலருக்கு உயர்ந்துள்ளது என்பதை மறுத்தல் கூடாது. லய வாழ்வை இன்பமயமாகக் கற்பித்துக்கொள்வதும் உண்மைக்கு மாறானது. இழப்பு என நாம் கருதுவது லயத்தையன்று. அங்கு வாழ்ந்தோரைப் பற்றிய அறிவையே.

பெயர்கள் தாங்கும் வரலாறு

இத்தகைய சூழலில் எஞ்சி நிற்கும் சான்று பெயரே. கெடாவில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஹார்வர்ட், ஹென்ரியட்டா, விக்டோரியா, பேடனோக், பட்டாணி பாரா, சுங்கை பத்து எனப் பலவற்றின் பெயர்கள் தோட்டப் பெயர்களே. நாடெங்கும் தோட்டப் பள்ளிகள் பல வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தபின்னும், தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்னும் மலாய்ச் சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கவில்லை.

பட்டாணி பாரா என்னும் பெயரைச் சான்றாகக் கொள்வோம். சுங்கை பட்டாணியை இன்று மலாயில் பெத்தானி என எழுதுவர். பழைய ஆங்கில ஆவணங்களில் அது பட்டானி என்றே காணப்படும். தமிழர் தம் வழக்கில் இன்றும் கையாளும் ‘பட்டாணி’ அப்பழைய வடிவைக் காத்து நிற்கிறது. பாரா என்பது பிரேசில் நாட்டின் பாரா பகுதியை நினைவூட்டுவது. இரப்பர் மரத்தின் தாயகம் அந்நாடாதலின் அது பாரா இரப்பர் எனப்பட்டது. ஆக, ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் கெடாவின் ஓராறும் தென்னமெரிக்காவின் ஒரு பகுதியும் சந்திக்கின்றன. இதனை விளக்க ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும். அறியும் மாணவர் தம் பள்ளியின் பெயரை வேறு கண்ணோடு காண்பர்.

ஆனால் இவை அலுவல்முறைப் பெயர்கள். தோட்ட மக்கள் தமக்குள் வழங்கிய பெயர்கள் வேறு. உரிமையாளரை ஒட்டிச் செட்டியார் தோட்டம் என்றும், இருப்பிடத்தை ஒட்டி ஆற்றங்கரை லயம், கோயில் லயம் என்றும், காலத்தை ஒட்டிப் பழைய லயம், புது லயம் என்றும் வழங்கும் பெயர்கள் எந்த நிலப்படத்திலும் இடம்பெறுவதில்லை. அவற்றை வழங்கியோர் மறையும்போது அவையும் மறையும்.

ஆசிரியர் செய்யத்தக்கன

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தேவையான சான்றுகள் பள்ளியிலும் கோயிலிலும் உள்ளன. பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, பெற்றோரின் தொழிலையும் முகவரியையும் காட்டும். ஆண்டுவாரியாக நோக்கின் எப்போது எந்த லயம் காலியாயிற்று என்பது விளங்கும். கோயில் திருவிழா அழைப்பிதழ்கள் அதனினும் அரியவை. தோட்டம் அழிந்தபின்னும் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை பழைய மாரியம்மன் கோயிலில் கூடுவது நம் நாட்டில் பரவலான வழக்கம். அவ்வழைப்பிதழில் பழைய தோட்டப் பெயரும், உபயகாரர்களின் பெயர்களும், அவர்கள் இன்று வாழும் ஊர்களும் ஒருசேர அச்சாகின்றன. சிதறிய ஒரு சமூகத்தின் நிலப்படம் அது.

மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்ப முதியோரிடம் ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதலாம்: வாழ்ந்த தோட்டத்தின் அலுவல்முறைப் பெயர், மக்கள் வழங்கிய பெயர், வெளியேறிய ஆண்டு, குடியேறிய இடம், அங்கு இன்று எஞ்சியிருப்பது. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இருப்பின் முப்பது ஆவணங்கள் உருவாகும். தமிழ்மொழிப் பாடத்தின் கட்டுரைப் பயிற்சியாகவே இதனைச் செய்விக்க இயலும். பல்கலைக்கழக மாணவர் இவற்றைத் தொகுத்து ஆய்வேடாக விரிக்கலாம்.

முடிவுரை

தென்கெடாவின் சாலைகளில் தமிழர் பலமுறை பயணம் செய்துள்ளனர். கப்பலிறங்கித் தோட்டம் நோக்கிச் சென்றது ஒன்று. தோட்டத்திலிருந்து சயாமுக்கு இழுத்துச் செல்லப்பட்டது ஒன்று. உரிமை கோரித் தோட்டந்தோறும் நடந்தது ஒன்று. தோட்டத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்தது மற்றொன்று. இந்நான்கும் நிகழ்ந்த காலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டே. பதினோராம் நூற்றாண்டுக் கடாரத்தைச் செப்பேட்டின் துணைகொண்டு அறிகிறோம். இருபதாம் நூற்றாண்டுக் கடாரத்தை அறிந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குரிய காலம் குறுகியது. எழுதுவதற்குரிய பொறுப்பு தமிழாசிரியரையும் தமிழாய்வாளரையும் சார்ந்தது.